தண்ணீர் ஒன்று, இலாகா பத்து: கொச்சி நாட்குறிப்பு

வியாழன்

கார்த்திகை மாதத்தில் எர்ணாகுளம் ரயிலில் இடம் கிடைப்பதே ஐயப்பன் அருள். கறுப்பு வேட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து, மச்சினன் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் படகுத்துறைக்குப் போய்விட்டேன். இந்த முறை அரண்மனை, யூதத் தெரு, கதகளி எதுவும் கிடையாது. கொச்சியின் தண்ணீரை யார் கவனித்துக்கொள்கிறார்கள், எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதாகத் திட்டம். வீட்டில் சொன்னபோது, "அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறவனுக்குப் படகு ஓடுகிற ஊர் என்றாலே ஒரு பொறாமை. அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்?

எர்ணாகுளம் பிரதான ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 6 ரூபாய். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிற படகு. 1968-ல் தொடங்கிய துறை, தலைமையகம் ஆலப்புழை. நம் ஊர் அரசு பஸ்ஸுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு: பெயின்ட் உரிந்த கம்பி, ஜன்னலோர இடத்துக்குப் போட்டி, சில்லறைத் தகராறு. சுக்கான் பிடிப்பவரை 'ஸ்ராங்க்' என்கிறார்கள், கயிறு வீசிக் கட்டுகிறவர் லஸ்கர். நான் ஏறியது பழைய படகு. ஸ்ராங்க் முன்னால் நின்று கயிற்றை இழுத்தால் கீழே எஞ்சின் பக்கத்தில் மணி அடிக்கிறது. அந்த மணிக் கணக்கை வைத்து டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், பின்னால் எடுக்கிறார். ஓட்டுகிறவருக்கு எஞ்சின் தெரியாது, எஞ்சின்காரருக்குத் தண்ணீர் தெரியாது. ஆனாலும் படகு ஜெட்டியின் டயரில் பூப்போல உரசி நின்றது.

நடுவில் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் குறுக்கே வர, எங்கள் படகு ஒதுங்கி நின்று வழி விட்டது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "இந்த இடத்துல யார் சொல்றதை யார் கேக்கணும் சேட்டா?" என்று கேட்டேன். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவரும் பாதித் தமிழுக்கு மாறிவிட்டார். "கப்பல் வர்ற சால், அந்த ஆழமான வழி, துறைமுகத்தோடது. இந்தப் போட்டு கவர்ன்மென்டோடது. அதோ அந்த ஏ.சி. போட்டு மெட்ரோக்காரனோடது. அந்தாண்ட நேவி. அங்க போகவே கூடாது அண்ணாச்சி."

அவர் விட்டதையும் சேர்த்து இரவு எழுதிப் பார்த்தேன். துறைமுக எல்லைக்குள் கொச்சித் துறைமுக ஆணையம். கொல்லம் வரை போகிற 3-ம் எண் தேசிய நீர்வழிக்கு மத்திய அரசின் உள்நாட்டு நீர்வழி ஆணையம். படகைப் பதிவு செய்யக் கேரள கடல்சார் வாரியம். பயணிகளுக்கு நீர்ப் போக்குவரத்துத் துறை, வாட்டர் மெட்ரோ என்று இரண்டு. வண்டிகளை ஏற்றும் ரோ-ரோ படகு மாநகராட்சியின் சொத்து, ஓட்டுவது வேறொரு அரசுக் கழகம். உல்லாசப் படகுத்துறை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம். கால்வாய்கள் பாதி பாசனத் துறையிடம், பாதி மாநகராட்சியிடம். மீன் வலைக்கு மீன்வளத் துறை. தண்ணீர் நாறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பத்துக்கு மேலேயே வருகிறது. தண்ணீருக்கு இது எதுவும் தெரியாது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறினால் எல்லாரிடமும் ஏறுகிறது.

வெள்ளி

மச்சினனுக்குக் காக்கநாட்டில் ஐ.டி. வேலை. காலையில் அவனோடு வைட்டிலாவில் வாட்டர் மெட்ரோ ஏறினேன். "பஸ்ஸுல போனா எப்ப போய்ச் சேருவேன்னு எனக்கே தெரியாது அத்தான். இதுல இருபத்தஞ்சு நிமிஷம், சிக்னல் கிடையாது" என்றான். முகத்தில் தினமும் நேரத்தோடு ஆபீஸ் போகிறவனின் களை தெரிந்தது.

2023 ஏப்ரல் 25-ல் தொடங்கிய படகுச் சேவை. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகு, பேட்டரியில் ஓட்டம். முழுத் திட்டம் 10 தீவுகள், 38 முனையங்கள், 78 படகுகள், 76 கிலோமீட்டர். இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. படகு கட்டி வர வர வழித்தடம் சேர்கிறது. பெரிய படகில் நூறு பேர் போகலாம், ஐம்பது பேர் உட்காரலாம். அடிப்பாகம் இரண்டாகப் பிரிந்த அலுமினிய உடல் என்பதால் பின்னால் எழும் அலை குறைவு. குறுகிய ஆற்றில் இது சாதாரண விஷயமில்லை. வேகமாகப் போகும் டீசல் படகின் அலை கரைச் சுவரை மெல்ல மெல்லத் தின்றுவிடும். கரையோரத்து வீட்டுக்காரர்கள்தான் அதற்குக் காசு செலவழிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது படகைவிட ஜெட்டிதான். முனையத்துக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது மிதக்கும் மேடை. கொச்சியில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். தண்ணீரோடு மேடையும் ஏறி இறங்குவதால், மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவை மகள் அப்படியே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்; யாரும் தூக்கவில்லை, பிடிக்கவில்லை. நேற்று 6 ரூபாய்ப் படகில் இதே வயதுடைய ஒருவரை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து ஏற்றியதைப் பார்த்திருந்தேன். 6 ரூபாய்ப் படகுக்கும் 40 ரூபாய் மெட்ரோ படகுக்கும் உள்ள வித்தியாசம் ஏ.சி. என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மேடையை 6 ரூபாய் ஜெட்டிகளுக்கும் போட்டுக் கொடுத்தால் என்ன? ஓதத்துக்கு டிக்கெட் விலை தெரியாதே.

மாலையில் உயர் நீதிமன்ற முனையத்தில் கூட்டம். கதவு ஆட்களை எண்ணிக்கொண்டே விடுகிறது. கணக்கு முடிந்ததும் நின்றுவிடுகிறது. குடும்பத்தோடு வந்த ஒருவர், "மூணு பேர் உள்ள போயாச்சு, நான் மட்டும் வெளியவா?" என்று சண்டை பிடித்தார். பணியிலிருந்த பெண் குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே போன மூன்று பேரை வெளியே அழைத்து, "அடுத்த போட்டுல ஒண்ணா போங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 2002 ஜூலை 27, குமரகம்: முகம்மாவிலிருந்து வந்த அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் செத்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் அதில் நிறைய. 2015 ஆகஸ்ட் 26, ஃபோர்ட் கொச்சி: ஜெட்டிக்குப் பக்கத்திலேயே மீன்பிடிப் படகு மோதி 11 பேர். 2023 மே 7, தானூர்: இருட்டில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர், அதில் நிறையப் பேர் குழந்தைகள். வாட்டர் மெட்ரோ தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது. 1917-ம் வருஷத்து உள்நாட்டுப் படகுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புதுச் சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்தும் தானூரில் படகு கவிழ்ந்தது. ஆக, சட்டப் புத்தகம் காப்பாற்றாது, எண்ணிக்கை முடிந்ததும் மூடுகிற கதவுதான் காப்பாற்றும் என்று தோன்றுகிறது. வெளியே நின்றவர் அடுத்த படகில் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே போனார்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, ரோ-ரோவில் வைப்பினுக்குப் போய்த் திரும்பினேன். கார், ஆட்டோ, மீன் லாரி, பைக் எல்லாம் ஒரு தகட்டின் மேல் ஏறி நிற்க, சில நிமிடத்தில் அக்கரை. 2018-ல் வந்த 'சேதுசாகர்' படகுகள் இரண்டு. சாலையில் போனால் நகரத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டில் ஒன்று பழுது பார்க்கப் போனால் வரிசை எங்கே வரை நிற்கும் என்று ஆட்டோக்காரர் கையை நீட்டிக் காட்டினார். ரொம்ப தூரம். இன்னொரு படகு கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவர் ஆரம்பித்தபோது ரோ-ரோ கரை தட்டிவிட்டது.

சனி

போல்காட்டி. 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை, இப்போது ஓட்டல். அதன் ஓரத்தில் பாய்மரப் படகுகளுக்கான மரீனா. 2010-ல் திறந்தபோது சர்வதேச வசதியோடு வந்த நாட்டின் முதல் மரீனா என்று சொன்னார்கள். 2008 டிசம்பரில் உலகைச் சுற்றும் வோல்வோ படகுப் பந்தயம் கொச்சியில் தங்கிப் போன உற்சாகம் அப்போது இருந்திருக்கும். சிங்கப்பூர் பக்கத்திலிருந்து செங்கடல் போகிறவர்களுக்குக் கொச்சி நடுவழியில் இருக்கிறது. இடத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மரீனா என்றால் மெரினா கடற்கரை நினைவுக்கு வருகிற நமக்கு ஒரு விளக்கம்: இது படகுகளுக்கான வாகன நிறுத்தம். மிதக்கும் நடைபாதை, அதன் இரண்டு பக்கமும் படகு கட்டும் இடம், ஒவ்வொரு இடத்துக்கும் குடிநீர், மின்சாரம், டீசல். அதைவிட முக்கியமாக, படகின் கழிவறைத் தொட்டியை உறிஞ்சி எடுக்கிற வசதி. அது இல்லாத மரீனாவில் தொட்டி எங்கே காலியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் போன நேரம் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே பேச்சுக் கொடுத்த ஒருவர் தண்ணீரைக் காட்டி, "சேறு" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பாய்மரப் படகுக்கு அடியில் நீளமான துடுப்பு மாதிரி ஒரு கனமான தகடு இறங்கியிருக்கும்; காற்றுக்குச் சாயாமல் நிறுத்துவது அதுதான். அதற்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். தூர் வாராமல் விட்டால், அழகான நடைபாதையும் மின்கம்பமும் இருக்கும், படகு மட்டும் கிட்டே வர முடியாது.

சேறு எங்கிருந்து வருகிறது? பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை எல்லாம் வேம்பநாட்டில் வந்து விழுகின்றன, வடக்கே பெரியாறு. ரயிலில் என்னோடு வந்தவர்கள் சபரிமலைக்குப் போகும் வழியில் முங்கி எழுகிற பம்பையின் மண்ணும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். 1341-ல் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு இங்கே கொச்சி அழிமுகத்தை, அதாவது காயல் கடலில் சேரும் வாயை, திறந்தது என்று சொல்வார்கள். அந்த ஊரைக் கெடுத்த சேறு இந்த ஊரை உண்டாக்கியது. கொடுத்த சேறு திரும்ப வராதா என்ன?

அதோடு மல்லுக்கு நின்றவர் ராபர்ட் பிரிஸ்டோ. 1920-ல் மதராஸ் மாகாண அரசு அனுப்பிய எஞ்சினியர். அப்போது ஃபோர்ட் கொச்சி மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்குள் இருந்தது. அழிமுகத்தில் குறுக்கே கிடந்த மணல் திட்டை வெட்டினார், 1928-ல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணை என்ன செய்வது? காயலுக்கு நடுவிலேயே கொட்டி ஒரு தீவு பண்ணிவிட்டார். வில்லிங்டன் தீவு அதுதான். மதராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர். தூர் வாரிய மண்ணில் துறைமுகம், ரயில் நிலையம், கடற்படைத் தளம் எல்லாம் நிற்கின்றன. அந்தத் தீவின் வாத்துருத்தியில் துறைமுக வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மதியம் அங்கே ஒரு கடையில் தினத்தந்தி படித்துக்கொண்டே டீ குடித்தேன்.

பெரிய கப்பல் சாலில் தூர் வாருவது இன்றைக்கும் நின்றபாடில்லை. 2011-ல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு ஆழம் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. வருஷம் முழுக்க வாருகிறார்கள், கடல் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. அதற்குப் பணம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் கப்பல் வருகிறது. மரீனாவின் சிறு மூலைக்குக் கிடைப்பது கஷ்டம். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைக்காரர்களுக்கும் அதே கஷ்டம்தான்: அடியில் சேறு ஏறினால் வலை இறங்காது, மேலே ஆகாயத்தாமரை மிதந்து வந்தால் வலை எழும்பாது.

சாயங்காலம் பஸ் பிடித்து வைப்பின் தீவில் நாயரம்பலம் பக்கம் போனேன். பொக்காளி வயல் பார்க்க. உப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும் நெல். மழைக் காலத்தில் நெல், அறுவடை முடிந்து கார்த்திகை வாக்கில் தொடங்கி சித்திரை வரை அதே வயலில் இறால். உரம், மருந்து எதுவும் கிடையாது. நெல்லின் தாளை இறால் தின்னும், இறாலின் கழிவை நெல் எடுத்துக்கொள்ளும்.

வயலுக்கும் தோட்டுக்கும் (சிறு கால்வாயை இங்கே தோடு என்கிறார்கள்) நடுவில் ஒரு மரத் தூம்பு, நம் ஊர் மதகு போல. பள்ளம் வெட்டிய இரண்டு கட்டை, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். அதற்குப் பொறுப்பான சேட்டன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குச்சியில் கோடு கிடையாது, அவருக்குத் தேவையும் இல்லை. ஓதம் ஏறுகிறபோது மேல்பலகைகளைக் கழற்றிவிடுகிறார். மேலே ஒரு விளக்கு தொங்குகிறது, வெளிச்சத்துக்கு இறால் குஞ்சுகள் தண்ணீரோடு உள்ளே வருகின்றன. ஓதம் இறங்கத் தொடங்கியதும் தூம்பின் வாயில் நீளமான பை வலையைக் கட்டிவிட்டுப் பலகையை எடுக்கிறார். உள்ளே இருந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே ஓடுகிறது, வலையின் வால் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு ஜாஸ்தி. நான் நின்ற நேரத்தில் ஒரு தடவை வாலை அவிழ்த்துக் கொட்டினார்: இறால், கரிமீன் குஞ்சு, இரண்டு நண்டு, ஒரு பிஸ்கட் கவர். குஞ்சுகளைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். கவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"விருச்சிகத்துல வேலியேற்றம் பலமா இருக்கும். இப்பல்லாம் வீட்டுக்குள்ளயே வருது" என்றார். விருச்சிகம் நம் கார்த்திகை, வேலியேற்றம் என்றால் ஓதம் ஏறுவது. நான்கைந்து வருஷமாக அதிகமாம். அவர் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக் கோடு. தோடுகளில் மண் ஏறிவிட்டதால் வருகிற தண்ணீருக்கு இறங்க வழியில்லை, தூர் வாரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். யாரிடம் என்று கேட்டேன். இலாகா பெயர்களை அடுக்க ஆரம்பித்தார். என் வியாழக்கிழமைப் பட்டியலில் இல்லாத இரண்டு அதில் இருந்தன.

ஞாயிறு

வைக்கம். பெரியார் நினைவகத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நேராகப் படகுத்துறை. 1925-ல் காந்தி படகில் வந்து இறங்கிய துறை இது. பெரியார் ஒரு மாதம் சிறையிருந்ததாக நம் புத்தகங்களில் படித்த அருவிக்குத்தியும் இதே காயலின் கரைதான், வடக்கே. அந்தக் காலத்தில் வைக்கத்துக்கு வழி என்றாலே தண்ணீர் வழி.

இந்தத் துறையிலிருந்து அக்கரை தவணக்கடவுக்கு ஓடுவது 'ஆதித்யா'. 2017 ஜனவரியில் வந்த நாட்டின் முதல் சூரிய சக்திப் பயணிப் படகு. 75 பேர், கூரையில் 20 கிலோவாட் தகடுகள். வாட்டர் மெட்ரோவுக்கு ஆறு வருஷம் மூத்தது, அதில் பாதி புகழ்கூட இதற்குக் கிடையாது. ஓட்டுவது அதே 6 ரூபாய்த் துறை. சத்தம் இல்லை, புகை இல்லை, பக்கத்திலிருந்த பாட்டி பேரனை அதட்டியது முழுப் படகுக்கும் கேட்டது. பழைய துறை, பழைய ஜெட்டி, ஆட்கள் பழைய ஆட்கள். ஆனாலும் புது விஷயத்தை முதலில் செய்து பார்த்தது இவர்கள்தான் என்பதை மெட்ரோவைப் புகழ்கிறவர்கள் கொஞ்சம் சேர்த்துச் சொல்லலாம்.

தவணக்கடவிலிருந்து ஆட்டோவில் தண்ணீர்முக்கம் பண்டு, அதாவது உப்புத் தண்ணீரைத் தடுக்கிற அணை. கொச்சியின் தண்ணீரைப் பற்றி எழுத வந்தவன் இவ்வளவு தெற்கே ஏன் வந்தேன் என்றால், கொச்சிப் படகுகளின் புரொப்பல்லரில் சிக்குகிற ஆகாயத்தாமரைக்கு ஊர் இந்தப் பக்கம்தான்.

காயலுக்குக் குறுக்கே, மேலே சாலையும் கீழே 90 ஷட்டர்களுமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1976-ல் இயங்கத் தொடங்கியது. தெற்கே குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கோடையில் கடலிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் உள்ளே வந்தால் நெல் போச்சு. அதனால் டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்குவது, மார்ச் நடுவில் தூக்குவது என்று கணக்கு. நெல்லுக்கு நல்லதுதான். ஆனால் உப்பு வராததால் ஆகாயத்தாமரை சாகாமல் தெற்கே தழைத்துப் படர்கிறது. இறாலும் மீனும் கடலுக்கும் காயலுக்கும் போய்வர முடிவதில்லை. உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் வளர்கிற கக்கா என்கிற சிப்பி குறைகிறது. தேங்கி நிற்கிற தண்ணீர் நாறுகிறது. அறுவடை தள்ளிப்போனால் மார்ச்சில் திறக்க வேண்டியது ஏப்ரலுக்குப் போகும், மீனவர்கள் போராட்டத்துக்கு வருவார்கள். வருஷா வருஷம் இதே கூத்து. 2002-ல் ராம்சர் என்கிற சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்த காயல் இது.

நான் போனபோது ஷட்டர்கள் மேலேதான் இருந்தன. பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். ஆகாயத்தாமரைத் திட்டுகள் ஷட்டர் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போய்க்கொண்டிருந்தன, சிலதின் மேல் கொக்கு உட்கார்ந்து இலவசப் பயணம். கொச்சியை நெருங்கும்போது உப்பு ஏற ஏற இலை பழுக்கும், அழுகும், அடியில் உட்காரும். துறைமுகத்தில் அதைத் தூராக வாருவார்கள்.

பண்டின் ஓரத்துக் கடையில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) கக்கா வறுவலும் சாப்பிட்டேன். கடைக்கார அம்மாவின் கணவர் கக்கா அள்ளுகிறவர், அண்ணன் நெல் விவசாயி. "பண்டு திறக்கணுமா, மூடணுமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "இந்த வீட்டுல அதை மட்டும் பேசமாட்டோம்" என்று சிரித்தார். இன்னொரு கரண்டி கக்கா வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

திங்கள்

கடைசி நாளை நகரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். முல்லசேரி கால்வாய், அப்புறம் மார்க்கெட் கால்வாய், தேவரா-பேரண்டூர் கால்வாயில் கொஞ்சம்.

முல்லசேரி கால்வாயின் மேல் பாலத்தில் நின்றபோது தண்ணீர் மேற்கே காயலை நோக்கிப் போகாமல் நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஓதம் ஏறுகிற நேரம். சாக்கடை, பிளாஸ்டிக், தெர்மகோல் எல்லாம் மெதுவாக உள்ளே திரும்பிப் போகின்றன. ஒரு இடத்தில் குடிநீர்க் குழாய்களே கால்வாய்க்குக் குறுக்கே போகின்றன. அதில் சாக்கு, துணி சிக்கித் திரைபோலத் தொங்குகிறது. மழையும் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம், 2019 அக்டோபர் 21-ல் ஊரே பார்த்தது. எர்ணாகுளம் இடைத்தேர்தல் நாள். ஓட்டுப் போடப் போனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் காய்ச்சி எடுக்க, மாவட்ட நிர்வாகம் 'ஆபரேஷன் பிரேக்த்ரூ' என்று கால்வாய்களை வெட்டித் திறக்கக் கிளம்பியது. அடைப்பு நிறைய எடுத்தார்கள். ஆனால் நகரத்தில் சிறு பகுதிக்குத்தான் பாதாளச் சாக்கடை. மற்ற வீட்டுக் கழிவுக்கெல்லாம் கால்வாய்தான் கதி. வாரின கையோடு திரும்ப நிறைகிறது.

நாலு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்தது இங்கே நின்றபோது தெளிவானது. இந்த ஊரில் படகு ஓடுகிற தண்ணீருக்கு எப்படியோ ஒரு காவல்காரர் கிடைத்துவிடுகிறார். கப்பல் சாலுக்கு ஒருவர், மெட்ரோ வழிக்கு ஒருவர், பொக்காளித் தூம்புக்கு லுங்கி கட்டிய ஒருவர். ஆழம் குறைந்தால், அடைப்பு வந்தால், அன்றைக்கே யாருக்கோ வேலை நிற்கிறது, அவர் சத்தம் போடுகிறார். படகு நின்றுபோன தண்ணீருக்காகச் சத்தம் போட ஆள் இல்லை. மார்க்கெட் கால்வாயில் ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் காய்கறியும் ஏற்றிய வள்ளங்கள் கடை வாசல் வரை வந்தன. லாரி வந்தது, வள்ளம் போனது, கடைகள் எல்லாம் தெருப்பக்கம் திரும்பிவிட்டன. இப்போது கால்வாய்ப் பக்கம் இருப்பது பின்சுவரும் குழாய் ஓட்டையும்தான். பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு நின்று, பிறகு பறக்கும் ரயிலின் தூணே அதற்குள் இறங்கியதைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

எடப்பள்ளி, சிலவன்னூர், தேவரா-பேரண்டூர், மார்க்கெட் உள்ளிட்ட கால்வாய்களை அகலப்படுத்தி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, முடிந்த இடத்தில் படகு விடும் திட்டம் மெட்ரோ நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. படகையும் சாக்கடையையும் ஒரே கையில் கொடுத்தது சரியான புத்தி என்றுதான் நினைக்கிறேன். பாலங்கள் தாழ்வு, கரையில் ஆக்கிரமிப்பு, நிலம் எடுக்கக் காசு, நேரம் எடுக்கும். எடப்பள்ளி கால்வாயில் படகு விட முடிகிறதோ இல்லையோ, விட வேண்டும் என்ற நோக்கம் இருந்தாலே பாலத்தை உயர்த்தியாக வேண்டும், தூர் வாரியாக வேண்டும். வெள்ளத்துக்கும் அதே மருந்துதான்.

மார்க்கெட் கால்வாய் ஓரத்தில் வெங்காயக் கடை வைத்திருக்கிறவரிடம் படகு வரப்போவது பற்றிக் கேட்டேன். பாலக்காட்டுத் தமிழில் பதில் சொன்னார்: "வரட்டும் தம்பி, நல்லதுதான். போட்டு வந்தா நானும் பின்பக்கம் ஒரு ஷட்டர் வைப்பேன். ஆனா முதல்ல கொசு போகணும். கொசு போகாம டூரிஸ்டு எவன் வருவான்?" பேசிக்கொண்டே அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டார். கூடையை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மச்சினன் போன்: "அத்தான், ரயிலுக்கு நேரமாச்சு. ரோட்டுல வராதீங்க, ஜாம். மெட்ரோ பிடிச்சு வந்துடுங்க."

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 6 ரூபாய்ப் படகில் ஒரு தடவை, 40 ரூபாய்ப் படகில் ஒரு தடவை, ஒரே நாளில் போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் போதாது. பொக்காளி இறால் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒட்டினாற்போல, இருட்டுகிற நேரம், செருப்பைக் கழற்றி வைக்கத் தயாராகப் போங்கள்.